குன்வோரின் ஆப்பிளுக்கு வராத நன்றி

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனிதர்கள்மீது கோபம் வருவதில்லை. எல்லாக் கோபமும் ஆப்பிள்மீது போய்விடும். வீட்டுக்கு ஒரு மரம், மரத்துக்கு ஆறு கூடை, வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். ஃப்ரீசர் நிறைந்தாயிற்று, நிலவறை அலமாரி நிறைந்தாயிற்று. ஸ்டாக்ஹோமில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டால், "போன வருஷத்து ஜாமே இன்னும் திறக்கலம்மா" என்று பேச்சை மாற்றுகிறார்கள். மரம் மட்டும் எதையும் காதில் வாங்காமல் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் எங்கள் ஊரான லில்லோசாவில் ஒவ்வொரு கேட்டின் முன்னும் ஒரு மரப்பெட்டி. அதில் ஆப்பிள், அதன்மேல் ஒரு காகிதம்: எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தருமம்போல இருக்கும். உண்மையில் அது ஒரு தேர்தல். யார் பெட்டி முதலில் காலியாகிறது என்று மொத்தத் தெருவும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கும்.

எடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு வாரத்துக்குள் நன்றி வந்து சேர வேண்டும். கேட் தூணின்மேல் ஒரு சின்ன அட்டை, அல்லது ஒரு பாட்டில் ஆப்பிள் மசியல், அல்லது நாலு ஏலக்காய் பன். சனிக்கிழமை ஒருவர் வீட்டில் சாப்பிட்டால், அடுத்து எங்கே பார்த்தாலும் முதல் வார்த்தை அந்தச் சாப்பாட்டுக்கு நன்றி என்பதுதான். உங்கள் வீட்டுக் கூரை தீப்பிடித்து எரிகிறது என்று சொல்ல ஓடி வந்தவர்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் தீயைப் பற்றிப் பேசுவார். சுவீடன்காரனை என்ன சொல்லி வேண்டுமானாலும் திட்டலாம், நன்றி கெட்டவன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஊரை விட்டே போய்விடுவான்.

இப்படிப்பட்ட ஊரில், மில் தெரு பதினொன்றாம் எண் வீட்டில், குன்வோரின் பெட்டி மட்டும் செப்டம்பர் கடைசியிலிருந்து நிரம்பியே கிடந்தது.

எதிர்வீடு மாய்-லிஸ்ஸுடையது. அவள் பெட்டி தினமும் பதினொரு மணிக்குள் காலி. தூணின்மேல் நன்றிகள் குவிந்தன. திங்கட்கிழமை திராட்சை ஜாம். செவ்வாய்க்கிழமை ஒரு குழந்தை வரைந்த ஆப்பிள் படம், ஆப்பிளுக்குக் கால்கூட இருந்தது. புதன்கிழமை பன். வியாழக்கிழமை மழை. மழையிலும் யாரோ பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு அட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

குன்வோர் இதையெல்லாம் எங்கிருந்து கண்டாள் என்று கேட்கக் கூடாது. சமையலறை ஜன்னல் அவளுடையது, நாற்காலி அவளுடையது. பைனாகுலர் கணவன் ஸ்டூரேயுடையது, பறவை பார்க்க வாங்கியது.

"என்ன பறவை தெரியுது?" என்பான் ஸ்டூரே, செய்தித்தாளை இறக்காமலே.

"நீல வண்டியில குழந்தையத் தள்ளிட்டு ஒருத்தி வந்தா. நாலு எடுத்தா. நம்ம பெட்டிய ஏறெடுத்தும் பாக்கல."

"நாலு எடுத்தாளா? அப்போ ஆப்பிள் பை சுடப் போறா."

"அவ எதைச் செஞ்சா எனக்கென்ன? நம்ம பெட்டி அவ காலுக்குப் பத்தடி தூரத்துல இருக்கு ஸ்டூரே. பத்தடி!"

குன்வோருக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் கார் நிறுத்தத்தைக் கண்காணித்தவள். நீலச் சீருடை, மஞ்சள் அபராதச் சீட்டு. ஊரில் அவளிடம் சீட்டு வாங்காத கார் இருந்தால் அது ஓடாத காராக இருக்கும். கட்டிய கணவனுக்கே இரண்டு முறை எழுதியிருக்கிறாள். முதல் முறை காதலிக்கும்போது. நேர்மையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூட கண்ணாடியை இறக்கி, நன்றி குன்வோர், நீ இல்லாவிட்டால் இந்தத் தெரு என்ன ஆகியிருக்கும் என்று சொன்னதில்லை.

மாய்-லிஸ் பேறுகால நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில்தான் முதல் முறை அழுதார்கள். தெருவில் போனால் ஆறடி உயர ஆண்கள் குனிந்து அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒருமுறை ஓர் இரட்டைப் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வாசலில் அவசரமாகக் காரை விட்டுவிட்டு ஓடினாள். முதல் குழந்தை பிறந்தபோது குன்வோர் ஒரு சீட்டு வைத்தாள். இரண்டாவது குழந்தை பிறக்கத் தாமதமானது. நேரம் தாண்டியதால் இன்னொரு சீட்டு. அந்த இரட்டையர்களுக்கு இப்போது இருபத்தாறு வயது. இருவரும் மாய்-லிஸ் பெட்டியில்தான் ஆப்பிள் எடுக்கிறார்கள்.

நியாயம்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். குன்வோரிடம் சொல்லிப் பாருங்கள்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நன்றி. மரம் மொட்டையாவதற்குள், முதல் பனி விழுவதற்குள், யாராவது ஒருவர் அவள் ஆப்பிளை எடுத்துத் தின்றுவிட்டு அவளிடம் நன்றி என்று சொல்ல வேண்டும். மாய்-லிஸ்ஸுக்கு ஒரு நாளில் ஏழு கிடைக்கிறது. தனக்கு ஒரு பருவத்துக்கு ஒன்று. இதுகூடவா பேராசை?

முயற்சிகளில் குறை வைக்கவில்லை. பழைய பெட்டியை மாற்றிப் புதிது வாங்கினாள். சிவப்புக் கட்டம் போட்ட துணி விரித்தாள். ஒவ்வொரு ஆப்பிளையும் துடைத்துப் பளபளப்பாக்கினாள். மருந்து அடிக்காதது என்று எழுதிப் பார்த்தாள். பிறகு அறிவிப்பையே திருத்தி, எடுக்கலாம், நேரக் கட்டுப்பாடு இல்லை என்று எழுதி வைத்தாள்.

ஸ்டூரே அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவினான். "இது ஆப்பிளுக்கு எழுதுன மாதிரி தெரியல."

"ஏன்? தெளிவா இருக்கே."

"ரொம்பத் தெளிவா இருக்கு. அந்தக் கையெழுத்து ஊருக்கே தெரியும் குன்வோர். முன்கண்ணாடியில பாத்த கையெழுத்து. இப்ப ஒருத்தன் வந்து படிச்சான், படிச்சுட்டுத் திரும்பி ஓடுறான். கார் பத்திரமா இருக்கான்னு பாக்கப் போறான்."

"நீ அவ கட்சி."

"நான் காபி கட்சி. அடுப்பு எரியுது, வெளிய மழை, உள்ள நாம இருக்கோம். இத விட ஒரு அக்டோபர் வேணுமா உனக்கு?"

"வேணும். யாராவது வந்து எனக்கு நன்றி சொல்லணும்."

"நேத்து மீன் சாப்பிட்டுட்டு நான் சொன்னேனே."

"நீ தினமும் சொல்ற. அது கணக்குல வராது."

மாய்-லிஸ்ஸின் ஆப்பிள் சிவப்பு. மென்மையானது, வாசனை தூக்கலானது, பறித்த அன்றே தின்ன வேண்டியது. குன்வோருடையது பச்சை. கெட்டி, புளிப்பு. அடுப்பில் வைத்தால்தான் அதன் குணம் வெளியே வரும். அவளும் அப்படித்தான் என்று ஸ்டூரே திருமணமான புதிதில் யாரிடமோ சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவன் மறுக்கிறான்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் குன்வோருக்கு ஒரு கேள்வி பிறந்தது. ஊருக்குப் பிடிக்காதது தன் ஆப்பிளையா, தன்னையா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. காலை ஆறரை மணி, தெருவில் மூடுபனி. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு வாளி பச்சை ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். மாய்-லிஸ்ஸின் பெட்டியில் அரைவாசிதான் இருந்தது. அவள் மரமும் ஓயத் தொடங்கியிருந்தது. இருந்த சிவப்புகளை அள்ளி வெளியே வைத்தாள், பச்சைகளைக் கொட்டினாள், சிவப்புகளை மேலே திரும்பப் பரப்பினாள். முப்பத்தொரு வருடம் சட்டத்தைக் காத்தவள் செய்த முதல் கள்ளத்தனம், சொந்தச் சரக்கை இன்னொருத்தி பெயரில் தானம் கொடுத்தது.

பதினொரு மணிக்குப் பெட்டி காலி.

"ஸ்டூரே! என் காயை அள்ளிட்டுப் போயிட்டாங்க! ஒன்னு விடாம!"

"எங்க இருந்து?"

"அவ பெட்டியில இருந்து. நான் காலைல கொட்டுனேன்."

ஸ்டூரே செய்தித்தாளை இறக்கினான். அது அபூர்வம். "அப்போ ஆப்பிள்ல குத்தம் இல்ல."

"துளிகூட இல்ல!"

"சரி. அப்போ குத்தம் வேற எங்கயோ இருக்கு."

அன்று மதியம் ஸ்டூரேவுக்குக் காபி கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் நன்றிகள் வரத் தொடங்கின. எங்கே வரும்? மாய்-லிஸ்ஸின் தூணுக்கு. குன்வோர் அந்தப் பக்கமாக உலாவப் போய், பூட்ஸ் லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து ஓர் அட்டையைப் படித்தாள். அவள் போட்டிருந்தது லேஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ் என்பதை இரண்டு பேர் கவனித்திருக்கிறார்கள். அட்டையில் இப்படி இருந்தது: 'அன்புள்ள மாய்-லிஸ், இந்தப் பச்சை ஆப்பிளில் செய்த பைபோல நான் வாழ்நாளில் தின்றதில்லை. நன்றி, நன்றி.'

இரண்டு நன்றி. வரிசையாக இரண்டு.

ஒரு பெண் பெற்ற பிள்ளைக்கு இன்னொருத்தி பெயர் வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? குன்வோருக்கு அப்படி இருந்தது. அந்த அட்டையை அப்படியே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். அது திருட்டு. தனக்கு வர வேண்டியதை எடுத்தாலும் திருட்டுதானா? சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. யார் பெயரில் வந்தாலும் தன் ஆப்பிளைப் பற்றிய நல்ல வார்த்தை அல்லவா? அதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. தினமும் மூடுபனியில் வாளி போனது. தினமும் லேஸ் அவிழ்ந்தது. ஒன்பது நாளில் குன்வோரின் மரம் மொட்டையாகிவிட்டது. மாய்-லிஸ்ஸின் மரம் அதற்கு முன்பே மொட்டை. ஆனாலும் அவள் பெட்டியில் ஆப்பிள் இருந்தது, ஊரில் ஒருவருக்கும் அது ஆச்சரியமாகப் படவில்லை. நல்லவர்கள் பெட்டி நிரம்பத்தானே செய்யும்!

பத்தாம் நாள் அந்தத் தூணில் கம்பளிக் காலுறை வந்தது. கையால் பின்னியது, சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்பு வரி. பச்சை ஆப்பிளுக்கு நன்றியுடன் என்று நூலில் கட்டிய சீட்டு. அட்டைகளைப் பொறுத்தாள், ஜாமைப் பொறுத்தாள். தன் ஆப்பிள் சம்பாதித்த காலுறையில் மாய்-லிஸ்ஸின் கால் குளிர்காயப் போகிறது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"போறேன்" என்றாள். "போய் நேருக்கு நேர் சொல்லிட்டு வரேன். அதெல்லாம் என் ஆப்பிள்னு."

"காலுறையைக் கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அவளாத் தரணும்."

"ரெண்டு ஜோடி இருந்தா எனக்கும் ஒன்னு வாங்கிட்டு வா."

மாலை ஐந்தரை. இருட்டிவிட்டது. மழை சாய்வாக அடித்தது. தெருவில் எல்லா ஜன்னல்களிலும் விளக்கு. குன்வோர் சாலையைக் கடந்து கதவைத் தட்டினாள். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்: தேதி, நேரம், வாளி எண்ணிக்கை.

மாய்-லிஸ் கதவைத் திறந்தாள். காலில் அந்தக் காலுறை.

"அடடே, குன்வோர்! வா வா, நனையாத. உன்னப் பாக்க நானே வரணும்னு இருந்தேன். உக்காரு. காபி இறக்குன சூட்டோட இருக்கு."

"நான் உக்கார வரல. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லலாம், உக்காந்து சொன்னா காது இன்னும் நல்லாக் கேக்கும்." மாய்-லிஸ் காபியை ஊற்றினாள். மேசை முழுக்கப் பாட்டில்கள், அட்டைகள், கால் முளைத்த ஆப்பிள் படம். "பாத்தியா இந்தக் கூத்தை? என் மரம் எப்பவோ ஓஞ்சு போச்சு. யாரோ ஒரு புண்ணியவதி தினமும் காலைல என் பெட்டியில கொட்டிட்டுப் போறா. பச்சைக் காய். ஊரே மயங்கிக் கிடக்கு. நன்றி மட்டும் என் வாசல்ல. எனக்கு வெக்கமா இருக்கு."

குன்வோர் நாற்காலி நுனிக்கு வந்தாள். இதோ, கதவு தானாகவே திறந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தாள்.

"ஆனா நான் உன்னப் பாக்கணும்னு நெனச்சது அதுக்கில்ல" என்றாள் மாய்-லிஸ். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சிரிக்காத. நாப்பது வருஷமா நான் ஷிப்டு முடிஞ்சு இருட்டு வீட்டுக்குத்தான் வந்தேன். ஓய்வுக்கப்புறம் இந்த மாசம் வந்தாலே பயமா இருக்கும். அஞ்சு மணிக்கே இருட்டு, பேச ஆள் இல்ல. பகல்ல ஊரெல்லாம் கட்டிப் பிடிக்குது, சாயங்காலம் ஒருத்தன் வரமாட்டான். இந்த வருஷம் என்னன்னா, நிமிந்து பாத்தா எதிர் ஜன்னல்ல விளக்கு. விளக்குக்குப் பக்கத்துல நீ. காலைல பாத்தாலும் நீ, மத்தியானம் பாத்தாலும் நீ. ஒரு நாள் தவறல. நானும் என் காபியத் தூக்கிட்டு இந்த நாற்காலிக்கு வந்துடுவேன். குன்வோர் உக்காந்திருக்கா, நாமளும் உக்காருவோம்னு. துணைக்கு உக்காந்திருந்தியே, அதுக்குத்தான் நன்றி சொல்லணும்னு இருந்தேன். நன்றி, குன்வோர்."

குன்வோர் காபியைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அறுபத்தேழு வருடத்தில் முகத்துக்கு நேராக, பெயர் சொல்லி, கேட்காமல் வந்த முதல் நன்றி இது, ஸ்டூரேயுடையது கணக்கில் வராது. வந்ததோ பொறாமையில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்ததற்கு. இப்போது ஆப்பிள் என்னுடையது என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் அப்படிச் செய்தாய் என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் ஜன்னலில் ஏன் உட்கார்ந்தாய் என்பதும் வெளியே வந்துவிடும். மேசையில் இருக்கும் நன்றிகளையெல்லாம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கையில் விழுந்த இந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருக்கும்.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள் மாய்-லிஸ்.

"நான்..." குன்வோர் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "மழை வலுக்குது. உன் கூரைத் தண்ணிக் குழாயில இலை அடைச்சிருக்கு. ஜன்னல்ல இருந்து பாத்தேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"பாரேன், அதையும் கவனிச்சிருக்க!"

கிளம்பும்போது மாய்-லிஸ் ஒரு பாட்டில் மசியலைக் கையில் திணித்தாள். "பச்சைக் காய்ல செஞ்சது. யாரோ கொண்டுவந்து வச்சாங்க. என்னால இவ்வளவும் திங்க முடியாது. அந்தப் புண்ணியவதி யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெளியே வருவதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும் வேலையை நாற்பது வருடம் செய்தவள் அவள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஸ்டூரே அடுப்பில் கட்டை போட்டுக்கொண்டிருந்தான். "சொல்லிட்டியா?"

"அவ நன்றி சொன்னா."

"ஆப்பிளுக்கா?"

"வேற எதுக்குச் சொல்லுவா?" என்று குன்வோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

ஓட்ஸ் கஞ்சி சூடாக இருந்தது. ஸ்டூரே மூடியைத் திறந்து மசியலை அள்ளிக் கஞ்சியின் நடுவில் வைத்தான். ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய் தின்றான்.

"நம்ம காயா இது?"

"நம்ம காய்தான்."

"இந்த வருஷம் நம்ம மரத்துக் காயை நாம இப்பத்தான் முதல் தடவை திங்கறோம், தெரியுமா? எல்லாத்தையும் வாளியில தூக்கிட்டுப் போயிட்ட. ஒரு பைகூட செய்யல."

குன்வோர் தின்றாள். புளிப்பு முதலில் வந்தது, பின்னால் மெதுவாக இனிப்பு. அந்த அட்டைக்காரி பொய் எழுதவில்லை. கண்ணாடியில் மழை தட்டியது, கட்டை வெடித்துத் தணிந்தது. முட்டி சூடாக இருந்தது. முப்பத்தொரு அக்டோபர் இந்த நேரத்தில் தெருவில் நனைந்துகொண்டு சக்கரத்துக்கும் கோட்டுக்கும் இடைவெளி அளந்தவள் அவள். இன்று உள்ளே இருக்கிறாள். இதை யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டாள். தன் மரம் நல்ல மரம். அதை இன்னொருத்தி சமையலறை வழியாகச் சுற்றி வந்து தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது என்பதில்தான் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

சாப்பிட்டு முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஸ்டூரே, மசியல் வாங்கிட்டேன். அவளுக்கு நான் நன்றி எழுதணும்."

"உன் ஆப்பிளுக்கு நீயா?"

"வாங்கினா எழுதித்தான் ஆகணும்."

மறுநாள் காலையில் எழுதினாள். மசியலுக்கு நன்றி, காபிக்கு நன்றி, குன்வோர். நேர்த்தியான சின்ன அட்டை. சாலையைக் கடந்து மாய்-லிஸ்ஸின் தூணில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே இன்னொரு அட்டை இருந்தது, அந்த இரட்டையர்கள் வைத்தது. இரண்டு மடங்கு பெரியது, பதினோரு வரி, ஓரத்தில் உலர்ந்த மேப்பிள் இலைகூட ஒட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் அவள் அட்டை கடைச் சாமானில் தொங்கும் விலைச்சீட்டு மாதிரி இருந்தது.

குன்வோர் சுற்றும் முற்றும் பார்த்தாள். தன் அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

"ஸ்டூரே" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள், "வீட்டுல பெரிய காகிதம் எங்க இருக்கு?"